இளம் வீரரை எவ்வளவு காலம் பொறுத்துப் பார்க்கலாம்? பேஸ்போல் போடும் கணக்கு

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கனடாவில் ஓர் உறவாவது இல்லாத வீடு குறைவு. அதனால்தான் 2025 ஒக்ரோபரில், பேஸ்போல் துடுப்பைக் கையால் தொட்டிராத வன்னி வீடுகளிலும் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணியின் பெயர் அடிபட்டது. அங்கே இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே விடிகாலை ஐந்தரைக்கு வரும். 1993க்குப் பிறகு முதல் தடவையாக உலகத் தொடருக்கு, அதாவது வட அமெரிக்கப் பேஸ்போலின் இறுதிச் சுற்றுக்குப் போன அந்த அணி, நவம்பர் முதலாம் திகதி நடந்த ஏழாவது ஆட்டத்தில், வழமையான ஒன்பதைத் தாண்டி 11 இன்னிங்ஸ் வரை இழுபட்டு, லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் 5-4 எனத் தோற்றது.

தோற்ற பிறகு வரும் பேச்சு எந்த விளையாட்டிலும் ஒன்றுதான். “இந்தப் பெடியனை இன்னும் எத்தனை நாளைக்கு வைத்திருக்கப் போகிறார்கள்?” என்று ஒருவர் கேட்பார். “கொஞ்சம் பொறுங்கோ, வளருவான்” என்று இன்னொருவர் சொல்லுவார். கிரிக்கெட் பார்த்துப் பழகியவருக்கு இதில் குழப்பம் அதிகம். ஓர் ஆண்டு மிக மோசமாக ஆடியவர் அடுத்த ஆண்டு உலகத் தொடரில் நாயகன் ஆகிறார். 19 வயதில் தடுமாறுகிறவரை இன்னமும் அணியின் எதிர்காலம் என்கிறார்கள். வேறொருவரை ஆறு வருடம் வைத்திருந்துவிட்டு விற்றுவிடுகிறார்கள்.

இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அணி நிர்வாகங்கள் உண்மையில் கேட்பது மூன்று கேள்விகள்: இதுவரை பார்த்தது தீர்ப்புச் சொல்லப் போதுமா? ஆளிடம் ஏதாவது மாறுகிறதா? காத்திருந்தால் அதன் விலையைக் கொடுப்பது யார்?

தெரிந்திருக்க வேண்டிய நான்கு

எல்லே ஆடியவர்களுக்குப் பந்தை அடித்துவிட்டுத் தளம் தளமாக ஓடுவது புதிதில்லை. எண்கள்தான் புதிது.

1. துடுப்புச் சராசரி. கிரிக்கெட்டில் இது ஓட்டங்களின் சராசரி. பேஸ்போலில், துடுப்பெடுத்த தடவைகளில் எத்தனை தடவை பந்தை அடித்துத் தளத்தைப் பிடித்தார் என்பது. 0.300 என்றால் பத்துக்கு மூன்று. அது மிக நல்லது. 0.250 சாதாரணம். 0.200க்குக் கீழே போனால் அணியில் இடம் ஆட்டம் காணும்.

2. ஸ்ட்ரைக்கவுட்டும் வோக்கும். அடிக்கத் தவறிய பந்தும், அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்தும் விட்ட பந்தும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் ஆட்டமிழப்பு, அது ஸ்ட்ரைக்கவுட். துடுப்பாட்டக்காரர் தொடாமல் விட்ட நான்கு பந்துகள் அந்த எல்லைக்கு வெளியே போயிருந்தால் முதல் தளம் இலவசம், அது வோக். இந்த இரண்டும் பந்தெறிபவருக்கும் துடுப்பாட்டக்காரருக்கும் இடையிலேயே முடிந்துவிடும். களத்தடுப்பாளரின் கையோ அதிர்ஷ்டமோ உள்ளே வர இடம் குறைவு.

3. ஈ.ஆர்.ஏ. பந்தெறிபவர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ஓட்டங்களை விட்டுக்கொடுக்கிறார் என்பது. களத்தடுப்புத் தவறால் போன ஓட்டங்கள் இதில் சேராது. நான்கு என்றால் பரவாயில்லை. மூன்றுக்குக் கீழே என்றால் சிறப்பு.

4. ஏணி. பெரிய லீக்கில் ஆடும் பெரிய அணிக்குக் கீழே மைனர் லீக் என்ற படிகள் உண்டு. ரொறன்ரோவுக்குக் கீழிருந்து மேலாக டனீடன், வன்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், பஃபலோ என்று நான்கு முக்கிய படிகள். ஒவ்வொன்றும் சொந்த மைதானமும் பயிற்றுநர்களும் உள்ள முழு அணி. பருவத்துக்கு ஏறத்தாழ 130 முதல் 150 ஆட்டங்கள். இந்தப் படிகளில் நின்றுகொண்டு, மேலே வருவார் என்று எதிர்பார்க்கப்படுகிறவரைத்தான் நம்பிக்கை வீரர் என்கிறார்கள்.

நூறு தடவை பார்த்தது போதாது

உண்மையான திறமை 0.250 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 100 தடவை துடுப்பெடுத்தால், திறமையில் ஒரு துளியும் மாறாமலே, வெறும் தற்செயலால் அவருடைய சராசரி 0.207க்கும் 0.293க்கும் இடையே எங்கேயும் நிற்கலாம். அதுவும் மூன்றில் இரண்டு தடவைதான் அந்த எல்லைக்குள் நிற்கும். மீதித் தடவைகளில் அதையும் தாண்டிப் போகும். 0.207 அடித்தவரை ஊருக்கு அனுப்பு என்பார்கள், 0.293 அடித்தவரை நட்சத்திரம் என்பார்கள். இரண்டும் ஒரே ஆள். 500 தடவை, அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுப் பருவம் ஆடினாலும் 0.231 முதல் 0.269 வரை ஊசலாட்டம் இருக்கும்.

கிரிக்கெட்டில் நிலைமை இன்னும் மோசம். நீண்டகாலச் சராசரி 30 உள்ள ஒரு துடுப்பாட்டக்காரரின் ஆறு இன்னிங்ஸை மட்டும் பார்த்தால், அந்த ஆறின் சராசரி 18 ஆகவும் இருக்கலாம், 42 ஆகவும் இருக்கலாம். இரண்டும் ஆச்சரியப்படுகிற விஷயம் இல்லை. நம்முடைய பக்கத்தில் பல பாடசாலை வீரர்களுக்கு ஒரு பருவத்தில் கிடைக்கும் கடினப்பந்து இன்னிங்ஸே அவ்வளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், மாவட்டத் தெரிவில் எத்தனை பேரை நாணயம் சுண்டி விலக்கியிருப்போம் என்று புரியும்.

ஆனால் எல்லா எண்ணும் ஒரே வேகத்தில் தெளிவதில்லை. ஸ்ட்ரைக்கவுட் வீதம் ஏறத்தாழ 60 தடவைகளிலேயே ஓரளவு நம்பக்கூடியதாகிவிடும். வோக் வீதத்துக்கு ஏறத்தாழ 120. ஹோம் ரன் (கிரிக்கெட்டின் ஆறு போல, பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடிப்பது) வீதத்துக்கு 170 அளவில். துடுப்புச் சராசரிக்கு ஒரு பருவமும் போதாது. பத்திரிகையில் முதலில் கண்ணில் படுவதும், வாட்ஸப்பில் அதிகம் அடிபடுவதும் கடைசியாகத் தெளிகிற அந்த எண்தான்.

பால்டிமோர் அணியின் ஜாக்சன் ஹொலிடே இதற்கு நல்ல உதாரணம். அணிகள் புதிய இளையவர்களை முறை வைத்து எடுக்கும் வருடாந்தத் தெரிவில், 2022இல் நாடு முழுவதற்கும் முதலாவதாக எடுக்கப்பட்டவர். 2024 ஏப்ரலில் 20 வயதில் மேலே வந்து, முதல் பத்து ஆட்டங்களில் 34க்கு 2 மட்டும் அடித்தார். பத்து ஆட்டம்தானே, பொறுத்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் சராசரிக் கணக்கில் சேராத வோக் போன்றவையும் சேர்த்து, களத்துக்கு வந்த 36 தடவைகளில் 18 தடவை ஸ்ட்ரைக்கவுட். அடித்த பந்து களத்தடுப்பாளரின் கைக்குப் போய் விழுந்த துரதிர்ஷ்டம் இல்லை அது; பந்தே படவில்லை. கீழே அனுப்பினார்கள். ஜூலை 31இல் திரும்ப வந்த அன்றே, மூன்று தளங்களிலும் ஆள் நிற்க ஹோம் ரன் அடித்தார். அடி வாங்கியது ரொறன்ரோ. 2025இல் அவர் அணியின் நிரந்தர ஆட்டக்காரர்.

இதன் மறுபக்கம் ரொறன்ரோவின் அடிசன் பார்ஜர். 2024இல் 69 ஆட்டங்களில் 0.197. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவருடைய துடுப்பு சுழலும் வேகம் அப்போதே பெரிய லீக்கின் முன்வரிசையில் இருந்தது. பந்து துடுப்பில் சரியாகப் பட்டபோது போன வேகமும் அப்படித்தான். 2025இல் 21 ஹோம் ரன். உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் மாற்று வீரராக உள்ளே வந்து, தளங்கள் நிரம்பியிருக்க அவர் அடித்த ஹோம் ரன், உலகத் தொடர் வரலாற்றில் ஒரு மாற்று வீரர் அப்படி அடித்த முதலாவது. குறைந்த சராசரிக்குக் கீழே பொறுத்திருக்கக் காரணம் ஒன்று கிடந்தது. அதைத் தேடிப் பார்த்தார்கள்.

வயது எத்தனை, படி எது

2023 தெரிவில் ரொறன்ரோவுக்கு 20ஆவது இடம் கிடைத்தது. அர்ஜுன் நிம்மலா என்ற 17 வயதுப் பாடசாலை மாணவரை எடுத்தார்கள். புளோரிடாவில் வளர்ந்த இந்தியப் பெற்றோரின் பிள்ளை. 2024இலும் அதே 20ஆவது இடம். இம்முறை எடுத்தது ட்ரே யெசாவேஜ் என்ற பல்கலைக்கழகப் பந்தெறிபவரை. அந்த மாதமே அவருக்கு 21 ஆனது.

யெசாவேஜ் 2025இல் டனீடனில் தொடங்கி, நான்கு படிகளையும் ஒரே பருவத்தில் ஏறி, செப்ரெம்பரில் பெரிய அணிக்கு வந்தார். உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் 12 பேரை ஸ்ட்ரைக்கவுட் ஆக்கினார். புதுமுக வீரர் ஒருவர் உலகத் தொடரில் எடுத்த அதிகபட்சம் அது. அதே 2025இல் நிம்மலா வன்கூவரில், இரண்டாவது படியில், தொடக்கத்தில் நன்றாக ஆடிப் பின்னர் சரிந்தார்.

ஒரே இலக்கத்தில் எடுத்த இருவர். பிந்தி வந்தவர் முந்திவிட்டார். அப்படியானால் முதல் தெரிவு பிழையா? அப்படிப் பார்க்கக் கூடாது. யெசாவேஜ் அணிக்குள் வரும்போதே முடிவுக்குக் கிட்ட வந்துவிட்ட ஆட்டக்காரர். மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் எறிந்தவர். நிம்மலா 2025 பருவம் முழுவதையும் 19 வயதில் ஆடினார். அந்தப் படியில் அவருக்கு எதிரே பந்தெறிந்தவர்களில் பலர் பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வந்த 22, 23 வயதுக்காரர்கள். 19 வயதில் அங்கே சாதாரணமாக ஆடுவது, 23 வயதில் அங்கே நன்றாக ஆடுவதை விடப் பெரிய விஷயம். 23 வயதில் அங்கே 0.300 அடிப்பவரைப் பார்த்து நிர்வாகங்கள் அவ்வளவாக மயங்குவதில்லை. சம வயதுக்காரருக்கும் இளையவர்களுக்கும் எதிராக அடிக்கிறார், அவ்வளவுதான்.

பிறந்த திகதியோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். விளையாட்டை முறையாகத் தொடங்கி எத்தனை வருடம் என்பது. அதைப் பயிற்சி வயது என்று சொல்லலாம். வன்னியில் இது பிறந்த திகதியை விட முக்கியம். கொழும்பின் பெரிய பாடசாலை ஒன்றில் 13 வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து புல் ஆடுகளத்தில் கடினப்பந்து ஆடி வந்தவருக்கும், புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ மென்பந்தில் வளர்ந்து, 16 வயதில்தான் விரிப்பு ஆடுகளத்தில் கடினப்பந்தைச் சந்தித்தவருக்கும் 18 வயதில் ஒரே அளவுகோல் வைத்தால், அளப்பது அவர்களுடைய பாடசாலைகளைத்தான். பிந்தித் தொடங்கியவர் இரண்டு வருடத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று பார்ப்பது பயனுள்ள கேள்வி.

ஹலடே: பொறுத்ததோடு நிற்கவில்லை

பொறுமைக்கு ஆதரவாக ரொறன்ரோ ரசிகர்கள் எப்போதும் எடுத்துக்காட்டும் பெயர் ரோய் ஹலடே. 1995இல் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர். 1998இல் தன்னுடைய இரண்டாவது ஆட்டத்திலேயே, ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் ஆட்டமிழக்கும் வரை எதிரணிக்கு ஓர் அடிகூடக் கொடுக்கவில்லை. பிறகு 2000ஆம் ஆண்டு வந்தது. ஈ.ஆர்.ஏ. 10.64. ஒரு பருவத்தில் 50 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்த எவருக்கும் அதைவிட மோசமான எண் வரலாற்றில் இல்லை.

அணி அவரைக் கைவிடவில்லை என்பது உண்மை. ஆனால் அணியில் வைத்துக்கொண்டு, நாளைக்குச் சரிவரும் என்று பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. 2001இல் ஏணியின் அடிப்பகுதிக்கு, டனீடனுக்கு அனுப்பினார்கள். பெரிய லீக்கில் எறிந்த ஒருவருக்கு அது சின்ன அவமானம் இல்லை. அங்கே பயிற்றுநர் மெல் குவீன் அவருடைய கையைத் தலைக்கு நேர் மேலிருந்து கீழே இறக்கி, எறியும் முறையையே திரும்பக் கட்டினார். பந்து நேராக வருவது நின்று, இரு பக்கமும் அசையத் தொடங்கியது. அதே 2001 பருவத்தின் பிற்பாதியில் திரும்பி வந்தவரின் ஈ.ஆர்.ஏ. 3.16. 2003இலும் 2010இலும் லீக்கின் சிறந்த பந்தெறிபவருக்கான சை யங் விருது. 2019இல் புகழ் மண்டபத்தில் இடம். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 2017இல் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

ஹோசே பௌடிஸ்டாவின் கதையும் இந்த வகைதான். அணி அணியாக மாறித் திரிந்தவர், 2009 கடைசியில் துடுப்பை வீசத் தொடங்கும் நேரத்தை முன்னுக்குத் தள்ளினார். 2010இல், 29 வயதில், 54 ஹோம் ரன்.

ஆகவே “அவனுக்கு இன்னும் நேரம் கொடுங்கோ” என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி: அந்த நேரத்தில் என்ன செய்யப் போகிறான்? பதில் இல்லாவிட்டால் பழைய பிழையே இன்னும் ஆழமாகப் பழகும்.

காத்திருப்பதற்கு யார் விலை கொடுப்பது

வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு இந்தப் பகுதிதான் அதிகம் தெரிவதில்லை. பெரிய லீக்கில் அணி விரும்பிய காலம் வரை ஒருவரை வைத்துப் பார்க்க விதிகள் விடாது.

1. ஒப்ஷன். அணியின் 40 பேர் பட்டியலில் (பெரிய அணிக்காக ஒதுக்கி வைத்திருப்போரின் பட்டியல்) உள்ள ஒருவரைப் பொதுவாக மூன்று பருவங்களுக்குத்தான் மைனர் லீக்குக்கு ஏற்றி இறக்கலாம். 2022 முதல் ஒரு பருவத்துக்குள் ஐந்து தடவைக்கு மேல் இறக்க முடியாது. மூன்றும் தீர்ந்தபின் இறக்க நினைத்தால், மற்ற 29 அணிகளுக்கும் அவரைக் கேட்டெடுக்கும் உரிமை வந்துவிடும். நாலாவது வருடம் திடீரென்று ஒருவரைக் கழற்றிவிடுவது பல தடவை கோபத்தால் இல்லை, ஒப்ஷன் தீர்ந்துவிட்டது.

2. ஐந்தாம் விதித் தெரிவு. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து பருவத்துக்குள்ளும், அதன் பிறகு ஒப்பந்தமானவரை நான்கு பருவத்துக்குள்ளும் 40 பேர் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வேறு அணி எடுக்கலாம். நிம்மலாவுக்கு இந்த மணி 2027 பருவம் முடியும்போது அடிக்கும். அதுவரை அவரைப் பொறுப்பது அணிக்குக் கிட்டத்தட்ட இலவசம். அதன் பிறகு அவருக்காக இன்னொருவரைப் பட்டியலில் இருந்து நீக்க வேண்டும்.

3. ஆறு வருடம். பெரிய லீக்கில் ஆறு வருடச் சேவை முடிந்தால் வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். பழக வந்த முதல் இரண்டு வருடமும் அந்த ஆறுக்குள்தான் போகிறது. விளாடிமிர் கெரேரோ ஜூனியர் 2019இல் 20 வயதில் வந்து இரண்டு பருவம் சுமாராக ஆடினார். மூன்றாவதான 2021இல் 0.311, 48 ஹோம் ரன். அவரைத் தொடர்ந்து வைத்திருக்க 2025இல் 14 வருடத்துக்கு 500 மில்லியன் டொலர் ஒப்பந்தம் போட வேண்டி வந்தது.

இதோடு, விதிகளில் எழுதாத விலை ஒன்றும் உண்டு. களத்தில் நிற்கும் ஒவ்வொரு இளையவருக்கும் பின்னால் வெளியே இருக்கும் ஒருவர் இருக்கிறார். அவரும் பெரும்பாலும் இளையவர்தான்.

பொறுமை போலத் தோற்றம் காட்டி, பொறுமையே இல்லாத ஒரு முறை உண்டு. 2006இல் முதல் சுற்றில் ரொறன்ரோ எடுத்த ட்ராவிஸ் ஸ்னைடர் 20 வயதில் பெரிய அணிக்கு வந்தார். அடுத்து வந்த பருவங்களில் மேலே, கீழே, திரும்ப மேலே என்று ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். 2012இல் பிற்ஸ்பேர்க் அணிக்கு மாற்றப்பட்டார். எதிர்பார்த்த இடத்தை எட்டவே இல்லை. வருடக் கணக்கில் பார்த்தால் நீண்ட வாய்ப்பு. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஓரிரு மாதத்து எண்ணை வைத்து இறக்கியதால், தெளிவான ஒரு பதிலைத் தரும் அளவுக்கு எந்தத் துண்டும் நீளமாக இருக்கவில்லை.

அத்தப்பத்துவைச் சொல்லித் தப்ப முடியாது

இலங்கையில் இந்த வாதம் வந்தால் யாராவது ஒருவர் மார்வன் அத்தப்பத்துவை இழுக்காமல் விடமாட்டார். முதல் மூன்று டெஸ்ட்களில் ஆறு இன்னிங்ஸ், மொத்தம் ஒரே ஓட்டம். முடிவில் 5500க்கு மேல் டெஸ்ட் ஓட்டங்கள், ஆறு இரட்டைச் சதங்கள். பார்த்தீர்களா, பொறுத்ததால் வந்த பலன் என்பார்கள்.

இரண்டு சிக்கல். முதலாவது, அந்த மூன்று டெஸ்ட்களும் 1990, 1992, 1994 என்று சிதறிக் கிடக்கின்றன. தேர்வாளர்கள் அவரை அணியில் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வெளியே விட்டார்கள். அவர் உள்ளூர்ப் போட்டிகளில் ஓட்டம் குவித்துத் திரும்ப வந்தார். ஹலடேக்கு டனீடன் எப்படியோ அவருக்கு உள்ளூர்க் கிரிக்கெட் அப்படி. இரண்டாவது, நமக்கு அத்தப்பத்துவைத் தெரிவதே அவர் வென்றதால்தான். அதே போலத் தொடங்கி, அதே போல வாய்ப்பும் பெற்று, எங்கேயும் போய்ச் சேராதவர்களின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. வென்றவர்களை மட்டும் எண்ணினால் பொறுமை எப்போதும் சரியாகவே தெரியும்.

வன்னி மைதானத்தில்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வசதி இருக்கிறது: ஏணி. தடுமாறுகிறவரை இறக்கிவிட அங்கே இடம் உண்டு, ஆட்டமும் உண்டு. இங்கே பாடசாலைக் கிரிக்கெட் 19 வயதுக்குட்பட்டோர் அணியோடு முடிகிறது. அதற்குப் பிறகு பலர் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போக, மீதிப்பேர் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளுக்குள் கரைந்துவிடுகிறார்கள். ஆகவே அணியிலிருந்து விலக்குவது இங்கே கிட்டத்தட்ட விளையாட்டையே நிறுத்துவது. அதே தீர்ப்பைக் குறைந்த ஆட்டங்களை வைத்து, திரும்பப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் சொல்லுகிறோம். அதனால் கழகப் பயிற்றுநர் ஒருவர் பேஸ்போலிடமிருந்து எடுக்கக்கூடியவை இவை என்று நினைக்கிறேன்:

1. ஓட்டத்தை மட்டும் எழுதாமல், எப்படி ஆட்டமிழந்தார் என்பதைக் குறிக்க வேண்டும். ஐந்து தடவையும் உள்ளே வந்த பந்துக்கு போல்ட் ஆனவரும், மூன்று தடவை எல்லைக்கோட்டில் பிடிபட்டவரும் ஒரே 12 ஓட்டச் சராசரியோடு இருக்கலாம். முன்னவருக்கு வலைப்பயிற்சியில் வேலை இருக்கிறது. பின்னவரை விட்டுப்பிடிக்கலாம்.

2. வாய்ப்பைத் துண்டு துண்டாகக் கொடுக்கக் கூடாது. இவருக்குத் தொடர்ந்து எட்டு ஆட்டம், இந்த இடத்தில்தான் துடுப்பெடுப்பார் என்று முதலே சொல்லிவிட வேண்டும். எட்டாவது முடியும் வரை தீர்ப்பில்லை.

3. அந்த எட்டுக்குள் எது மாற வேண்டும் என்பதை அவருக்கும் சொல்ல வேண்டும், எழுதியும் வைக்க வேண்டும். “நல்லா ஆடு” என்பதை யாராலும் அளக்க முடியாது. “ஓவ் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை முதல் பத்துப் பந்துக்குத் தொடாதே” என்பதை அளக்கலாம்.

4. வெளியே இருக்கும் ஆள் யார் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வெளியே இருப்பவர் 27 வயதுக்காரர் என்றால் இளையவரைப் பொறுப்பது மலிவு. வெளியே இருப்பது இன்னொரு 17 வயதுப் பெடியன் என்றால், ஒருவருக்குக் காட்டும் பொறுமை மற்றவரிடமிருந்து எடுத்தது.

நாலாவதைத்தான் நம் கழகங்கள் அதிகம் மறக்கின்றன. தலைவரின் மருமகனுக்கு மூன்று பருவம் கிடைப்பதும் பொறுமை என்ற பெயரில்தான் நடக்கிறது. தொடக்கத்தில் சொன்ன மூன்று கேள்விகளுக்கும் அவர் விஷயத்தில் பதில் இருந்தால் தாராளமாக ஆடட்டும். பதிலைக் கழகக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் வாசிக்கலாம். ஆட்ட விபரக் கொப்பி ஒன்று ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் அதற்கு ஐந்து நிமிடம் போதும்.